கதவு சரியாகச் சாத்தப்படவில்லை

கிளப்பிலிருந்து வந்த கடிதத்தில் ஆறே வரிகள்தான். நான்காவது வரியைத் தங்கை மூன்று தரம் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினாள். ‘ஓட்டுநர் கதவைச் சரியாகச் சாத்தாததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்துள்ளது.’

தங்கை பல் டாக்டர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவள் வாங்கி நான்கு வருடமாகிறது. காருக்கு வயது அறுபதுக்கு மேல். பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப்பில் அதே மாடல் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று கிளப் தலைவருடையது, இன்னொன்று மருந்துக்கடைக்காரருடையது. மூன்றாவதை ஒரு பெண் ஓட்டிக்கொண்டு வருவது தலைவருக்கு ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் சிக்கிய முள்.

விபத்து நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கிளப் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரும் வளைவில், ஒரு முன்சக்கரம் மட்டும் மேட்டில் ஏறிய நொடியில், ஓட்டுநர் பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தக் காலத்துக் காருக்கு பெல்ட் கிடையாது. தங்கை ரோட்டில் போய் விழுந்தாள். பின்னால் வந்த கார் ஒரு சாண் தள்ளி நின்றது. மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்துவிட்டது. நோயாளியின் வாய்க்குள் கண்ணாடி பிடிக்கிற கை அது.

“நீ கதவைச் சாத்தினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு,” என்றாள் அக்கா.

“சாத்தினேன்க்கா. சாத்திட்டு முழங்கையால ஒரு இடி இடிச்சும் பாத்தேன். எப்பவும் அப்படித்தான் செய்வேன். ஆனா எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கக் கேக்க, எனக்கே சந்தேகமா இருக்கு.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் தங்கையையே தன் மேல் சந்தேகப்பட வைத்துவிட்டார்களே என்று இருந்தது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வண்டி எங்க நிக்குது?” என்று கேட்டாள்.

அக்கா கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருபத்தெட்டு வருடமாக வெல்டர். அங்கே அவளைத் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் போட்ட வெல்டிங், தையல் மாதிரி ஒரே சீராக ஓடும். கப்பல் கடலில் எங்கே முறுக்கிக்கொள்ளும், எந்த மூலையில் விரிசல் விடும் என்பது அவளுக்குக் கைரேகை மாதிரி. காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தங்கையின் காரில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. “தரையோட தரையா ஊர்ந்து போற வண்டியில எவ உக்காருவா?” என்பாள்.

காரை இழுத்து வந்து நிறுத்தியிருந்த ஷெட்டுக்குப் போனதும் அவள் எஞ்சினைத் திறக்கவில்லை. பூட்டைப் பார்த்தாள். பூட்டு நன்றாகவே இருந்தது. கதவைச் சாத்தி, கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு அட்டையைச் செருகினாள். இறுக்கமாக நின்றது. பிறகு முன்சக்கரம் ஒன்றின் பக்கம் ஜாக்கியை வைத்து மெதுவாகத் தூக்கினாள். ஒரு சாண் ஏறியதும் அட்டை தானாக நழுவிக் கீழே விழுந்தது. இன்னும் நாலு சுற்று சுற்றினாள். டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்து தொங்கியது.

யாரும் அதைத் தொடவில்லை.

தங்கை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

“முறுக்குதுடி,” என்றாள் அக்கா. “ஒரு சக்கரம் மேல ஏறினா மொத்த வண்டியும் ஈரத்துணி மாதிரி முறுக்குது. பூட்டு என்ன பண்ணும், பாவம்? அது பிடிச்சிருந்த இடமே விலகிப் போயிடுது.”

தங்கையின் பையில் கையுறை அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதை மூடியோடு முறுக்கிக் காட்டினாள் அக்கா. அசையவில்லை. மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கினாள். நெளிந்தது. “கூரை இல்லாத வண்டி இதுதான். அப்போ எல்லா பாரத்தையும் கீழ இருக்கிற சேசிஸ்தான் தாங்கணும். அந்த சேசிஸைப் பாரு. ரெண்டு பக்கமும் நீளமா ஓடுற தகடு, ஒரு பக்கம் வாயைப் பொளந்துகிட்டு வாய்க்கால் மாதிரி இருக்கு. வாயை மூடித் தச்சா அது பெட்டி ஆயிடும். அப்புறம் எவன் முறுக்குறான்னு பாக்கலாம்.”

செய்வதற்கு முன் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தங்கை போன் போட்டாள். அவர் பாதியிலேயே மறித்துவிட்டார்.

“டாக்டர், அது சரித்திரம். அசல் அசலாவே இருக்கணும். சேசிஸ்ல ஒரு தகடு ஒட்டினாலும் கிளப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். உங்களுக்கு ஓட்ட முடியலன்னா குடுத்துடுங்க. நல்ல கையில போய்ச் சேரட்டும்.”

அக்கா போனை வாங்கி, “என் தங்கச்சி கை ரெண்டு துண்டா கிடக்குது சார். நல்ல கையைப் பத்தி நீங்க பேசாதீங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாளே துறையில் லீவு சொன்னாள். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் கழற்றி வெளியே வைத்தார்கள். போல்ட்டுகளைக் கழற்றி, அக்காவின் சக வெல்டர்கள் நாலு பேர் வந்து காரின் மேல் உடம்பைத் தனியே தூக்கி வைத்தார்கள். நிர்வாணமாக நின்ற சேசிஸை முதலில் சோதித்தாள். பின்முனையை இரும்பு ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டி, முன்முனையை நடுவில் மட்டும் தாங்கவிட்டு, குறுக்கே ஒரு நீளக் கம்பியைப் போட்டு, அதன் ஒரு நுனியில் சிமெண்ட் மூட்டையைத் தொங்கவிட்டாள். சேசிஸின் ஒரு மூலை இரண்டு விரல் தடிமன் இறங்கியது. தங்கை அளவுகோலைப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் எழுதினாள்.

அதற்கப்புறம் தகடு வெட்டுவதும், வளைப்பதும், துருவைத் தேய்ப்பதுமாக நாட்கள் ஓடின. கிளினிக் மூடிக் கிடந்ததால் தங்கையும் காலையிலேயே வந்துவிடுவாள். முடிந்த ஒரு கையால் தகடு பிடித்தாள், கோடு போட்டாள். துருப்பிடித்த மூலையை கிரைண்டரால் குடையும்போது, “நரம்பே இல்லாத சொத்தைப்பல். மரத்துப்போற ஊசி வேணாம். எவ்வளவு சுகம்!” என்றாள். விபத்துக்குப் பிறகு அவள் அடித்த முதல் ஜோக் அது.

ஒரு நாள் தலைவரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. எச்சரிக்கை. அதைப் படித்த கோபத்தில் அக்கா முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பக்கத் தகடு முழுவதையும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரே மூச்சில் பற்றவைத்துத் தள்ளிவிட்டாள். ஆறியதும் பார்த்தால் சேசிஸ் வில்லாக வளைந்திருந்தது. சூட்டை ஒரே பக்கம் ஏற்றினால் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பது அவள் துறையில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். அவளே மறந்துவிட்டாள்.

நெற்றியில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கெடுத்துட்டேன்டி.”

“இந்தக் கோவத்தை அவர் மேல காட்டுக்கா. இரும்பு என்ன பண்ணிச்சு?” என்றாள் தங்கை.

போட்ட வெல்டிங் அத்தனையையும் வெட்டி எடுக்க இரண்டு நாளானது. பிறகு ஒரு விரல் நீளம் இங்கே, ஒரு விரல் நீளம் எதிர்ப்பக்கத்தில், ஆறவிட்டு மறுபடி ஒரு விரல் என்று பொறுமையாகத் தைத்தாள். நடுவில் எக்ஸ் வடிவத்தில் இரண்டு குறுக்குக் குழாய்களை வைத்தாள். பெல்ட் மாட்டுவதற்குத் தடிமனான காதுகளையும் பற்றவைத்தாள். எல்லாம் முடிந்து அதே கம்பியில் அதே மூட்டையைத் தொங்கவிட்டபோது, மூலை இறங்கியது நகத்தின் தடிமன்கூட இல்லை. தங்கை அளவுகோலை இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டு, சுவரில் எழுதி, அடியில் அழுத்தமாக ஒரு கோடும் போட்டாள்.

கையின் கட்டைப் பிரித்த மறுவாரம் கிளப்பின் வருடாந்திரக் கூட்டம். பெரிய மைதானத்தில் நாற்பது கார்கள் பளபளவென்று நின்றன. சகோதரிகள் இருவரும் காரில் வந்து இறங்கினார்கள். அக்காவின் தோளில் ஜாக்கி.

தலைவர் நேரே வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். “சொன்னேனே டாக்டர். பாழாக்கிட்டீங்களே! இது இனிமே அசல் வண்டி இல்ல. தயவுசெஞ்சு வெளிய எடுங்க.”

“எடுத்துடறோம்,” என்றாள் அக்கா. “அதுக்கு முன்னாடி உங்க வண்டியை ஒரு சாண் தூக்கிக் காட்டறேன். கதவைச் சாத்துங்க. நீங்களே சாத்துங்க சார், நல்லா சாத்துங்க.”

“என் வண்டியை யாரும் தொடக்கூடாது.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர், யாரிடமும் அதிகம் பேசாத மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். “என்னுதும் அதே மாடல்தாம்மா. என்னுதுல பாருங்க.”

அவர் தன் காரின் கதவைச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள். அக்கா ஜாக்கியை வைத்துச் சுற்றினாள். ஒரு சாண் ஏறியது. இன்னும் கொஞ்சம். டக். கதவு தானாகத் திறந்து, அவர் முழங்காலில் வந்து மோதியது.

மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. “வாரா வாரம் பேத்தியைக் கூட்டிட்டுப் போறேன்,” என்றார், பொதுவாக எல்லாரையும் பார்த்து.

தலைவர் கையை வீசினார். “இதுல என்ன அதிசயம்? இந்த மாடல் எல்லாமே அப்படித்தான். எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அது அதோட குணம்.”

அக்கா சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். “முப்பது வருஷமாத் தெரியுமா? அப்போ என் தங்கச்சி கதவைச் சாத்தலன்னு ஏன் சார் எழுதினீங்க?”

தலைவர் கடிதத்தைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, “ரூல்னு ஒண்ணு இருக்கும்மா,” என்று ஆரம்பித்தார். அது கேள்விக்குப் பதில் இல்லை என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு, குடிதண்ணீர் வைத்திருந்த மேஜைப் பக்கம் நடந்துவிட்டார்.

தங்கை அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “நான் சாத்தினேன். முழங்கையால இடிச்சும் பாத்தேன்.” அதைச் சொன்னபோது அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை.

நியாயம் முழுசாகக் கிடைத்துவிடவில்லை. அந்த வரியைக் கிளப் இன்றுவரை திருத்தி எழுதவில்லை. மறுவாரமே காரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. தங்கையின் மணிக்கட்டும் பழையபடி முழுசாகத் திரும்பவில்லை. கண்ணாடியைப் பிடிக்கும் கோணத்தை மாற்றிப் பழகிக்கொண்டு கிளினிக்கைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரர் தன் காரை அதே ஷெட்டில் அக்காவிடம் கொண்டுவந்து விட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வேறு மாடல்களோடு வந்தார்கள். “அசல் போயிடுமே சார்?” என்று அக்கா வேண்டுமென்றே கேட்டாள். “போனாப் போகட்டும்மா, ஆள் இருந்தாப் போதும்,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

கிளப்பிலிருந்து விலகிவிடச் சொல்லி நாலு பேர் தங்கைக்குப் புத்தி சொன்னார்கள். அவள் விலகவில்லை. “நானா போனா அவங்களுக்கு வசதியாப் போயிடும். வேணும்னா அவங்களே ஆளை வச்சு என்னை வெளிய தள்ளட்டும்,” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப் கார்கள் கிளம்பியபோது, வரிசையின் கடைசியில், கிளப் எண் ஒட்டாமல், அழைப்பும் இல்லாமல், அவளும் போய் நின்றாள். பக்கத்து சீட்டில் அக்கா பெல்ட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவரின் ஆள் ஒருவர் ஓடிவந்து, பட்டியலில் பேர் இல்லாதவர்கள் பின்னால் வரக்கூடாது என்று தலைவர் சொல்லச் சொன்னதாகச் சொன்னார்.

“ரோடு என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு போய்க் கேட்டுட்டு வாங்க தம்பி,” என்றாள் அக்கா. “ஏண்டி, நீ பாத்துகிட்டு நிக்கிறியே. எடு வண்டியை!”