நானூறு நொடிப் படகு

எங்கள் விளையாட்டுக்குப் பதினாறு வயது. பெற்ற பிள்ளைக்கு என்றால் அது எதிர்த்துப் பேசும் வயது. கணினி விளையாட்டுக்கு அது கட்டையில் போகிற வயது என்று எங்கள் மேலாளர் சொல்வார். பெயர் ‘நீலக்கரை’. ஊர் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையம் வழியாக உள்ளே வந்து, ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, கூட்டாக வேட்டைக்குப் போய், வீடு கட்டி, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி வாழ்கிற இடம் அது. ஒரு காலத்தில் தினமும் நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். நான் சொல்லும் மாதத்தின் முதல் தேதியன்று வந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேர்.

காரணம் ‘வஜ்ரபூமி’ என்ற புது விளையாட்டு. அதற்கு முந்தின மாதம்தான் வந்திறங்கியது. அதில் வீரனின் தலைமுடி ஒவ்வோர் இழையாகக் காற்றில் பறக்கும், புல்லை மிதித்தால் புல் மடங்கும், வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் மறுகணம் அங்கே நிற்கலாம். எங்கள் ஊரில் புல் பச்சை நிறத்தில் இருக்கும். அவ்வளவுதான் அதனால் முடியும்.

அலுவலகத்தில் நாங்கள் மிஞ்சியது மூன்று பேர். நிரல் எழுதுவது நான். படம் வரைவது குண்டூசி. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், அதனால் அந்தப் பெயர். எங்கள் இருவரையும் மேய்ப்பது மேலாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர். காரியம் ஆக வேண்டுமென்றால் என்னை ‘அக்கா’ என்பார், கோபம் வந்தால் ‘மேடம்’ என்பார். அன்று ‘அக்கா’ என்றுதான் ஆரம்பித்தார்.

“அக்கா, மேலிடத்துல கெடு வச்சுட்டாங்க. இந்த மாசக் கடைசி வாரத்துல தினம் ரெண்டாயிரம் பேராவது வரணும். சராசரி அதுக்குக் கீழ போச்சுன்னா சர்வரை அணைச்சுடுவாங்க.”

“அப்புறம் நாம?” என்று கேட்டாள் குண்டூசி.

“நாம வேற எங்கயாவது போய்ப் பொழச்சுக்கலாம். நீலக்கரைதான் போக இடமில்லாம போயிடும்.”

வேலை போனால் வேலை கிடைக்கும். ஆனால் அந்த ஆறும் காடும் என் கையால் எழுதியவை. அதன் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தி அதை இல்லாமல் ஆக்குவதை நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

மேலாளர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதல் வரியிலேயே படகு.

“முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அங்க தொட்டா போயிடலாம். நம்ம ஆளுங்க ஏழு நிமிஷம் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. பழைய வரைவுல நாப்பது நொடின்னு தெளிவா இருக்கு. அதை யாரு நானூறு ஆக்கினாங்கன்னே தெரியல.”

“தெரியலையே,” என்றேன். முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலக்கரைக்கு யார் புதிதாக வந்தாலும் ஆற்றின் இந்தக் கரையில்தான் முளைப்பார்கள். வேட்டைக் காடு அந்தக் கரையில். நடுவில் ஒரு படகு. அதில் ஏறிவிட்டால் வாளை உருவ முடியாது, எழுந்து நடக்க முடியாது. ஒன்று தண்ணீரைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு எழுத்தில் பேசலாம். ஆறு நிமிடம் நாற்பது நொடிக்கு இதுதான் பிழைப்பு.

அந்த நானூறைப் போட்ட புண்ணியவதி நான்தான். நாற்பது என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம் கூட விழுந்துவிட்டது. விழுந்தால் என்ன, சோதித்துப் பார்க்கும்போது பிடித்திருக்கலாம். விளையாட்டு வெளியாவதற்கு முதல் நாள் சாதாரணப் பயணிபோல வேடம் போட்டுக்கொண்டு நானே படகில் ஏறினேன். பக்கத்தில் பச்சைத்தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்கூட்டியே விளையாடிப் பார்க்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர். அவர் ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவராம். எனக்கு அடிக்கடி வரும் தலைவலியைப் பற்றி விசாரித்தார். கரை வந்தது. அன்று திரும்பவும் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினேன், அவரும் ஏறி இறங்கினார். சோதனைத் தாளில் ‘படகு சரியாகப் போகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்தை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

பச்சைத்தொப்பிதான் இப்போது எங்கள் வீட்டுக்காரர்.

பூஜ்யத்தை நான் கண்டுபிடித்தது விளையாட்டு வெளியான மூன்றாம் மாதம். அப்போதிருந்த தலைவர் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார். கமுக்கமாக இருந்துவிட்டேன். பிறகு அவர் போனார், அவருக்குப் பின் வந்தவரும் போனார், பூஜ்யம் மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அளவு பார்க்கிற ஆசாமி. முட்டை வேக வைத்தாலும் கையில் கடிகாரம் இருக்கும். சுவரில் படம் மாட்டினால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். வில்லை அரை மில்லிமீட்டர் தப்பினால் இன்னொருவருக்குத் தலைவலி என்பது அவர் தொழில். அப்படிப்பட்டவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கண்ணுக்குச் சட்டம் பொருத்திக்கொண்டே ஆரம்பிப்பார்.

“அந்தப் படகு எங்க வீட்டம்மா யோசிச்சு வச்சதுங்க. மனுஷனும் மனுஷனும் பேசணும்னா கொஞ்ச நேரம் ஆகும்னு அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.”

நான் பக்கத்தில் இருந்தால் தரையைப் பார்ப்பேன். அவர் பெருமையை உடைக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் வராதது தைரியம்.

ஆகையால் மேலாளர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. பதினாறு வருடப் பாவத்தை மேலிடமே கழுவச் சொல்கிறது. பூஜ்யத்தை அழித்தேன். படகு அம்பாகப் பறந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் கைப்பேசியில் நீலக்கரையைத் திறந்து பார்த்துவிட்டு, “படகு ரொம்ப வேகமாப் போகுதே,” என்றார்.

“மேலிடத்து உத்தரவு.”

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

முதல் இரண்டு நாள் வருகை கூடியது. மேலாளர் எனக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்தார். நான்காம் நாள் சரிந்தது. பத்தாம் தேதி ஆயிரத்து எழுநூறு. தேநீர் நின்றுபோனது.

அன்று ஒரு கடிதம் வந்தது. நீலக்கரையில் ‘கடப்பாரை’ என்ற பெயரில் உலவும் ஓர் அம்மாள். நிஜத்தில் பள்ளி வாகனம் ஓட்டுகிறவர். “நானும் என் தங்கச்சியும் ஆளுக்கொரு நாட்டுல இருக்கோம். போன்ல பேசினா அரை மணி நேரத்துல சண்டை வந்துடும். படகுல பேசினா ஏழு நிமிஷம்தான், சண்டை ஆரம்பிக்கறதுக்குள்ள கரை வந்துடும். இப்ப நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்குள்ளயே கரை வருது. அவ பதில் சொல்லாமலே இறங்கிடறா. இதுக்கு வஜ்ரபூமியே தேவலாம். அங்க புல்லாவது நல்லா இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. படகிலிருந்து இறங்குகிறவர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் மூன்று பேர், நான்கு பேராக இறங்கியிருக்கிறார்கள். வழியில் பழகி, சேர்ந்தே காட்டுக்குள் போயிருக்கிறார்கள். இப்போது எல்லோரும் தனித்தனியாக இறங்கினார்கள். எங்கள் காட்டின் முதல் கரடியை அடிக்க மூன்று பேராவது வேண்டும். தனியாகப் போனவர்கள் கரடியிடம் அடிவாங்கிச் செத்து, வெளியேறி, பிறகு திரும்பவே இல்லை.

மேலாளரிடம் ஓடினேன். அவர் கையை விரித்தார். “மேடம், வரைவுல இருக்கறது நாப்பது. உங்க ஒரு ஆள் அபிப்பிராயத்தை வச்சு நானூறு ஆக்கினா மேலிடத்துல என் தலைய உருட்டுவாங்க. படகு மெதுவாப் போறது ஜனங்களுக்குப் பிடிச்சிருந்ததுன்னு ஏதாவது ஆதாரம் காட்டுங்க.”

பிடிக்கவில்லை என்றால்தானே மனிதர்கள் எழுதுவார்கள்? அதனால் புகார்ப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பதினாறு வருடத்துப் புகார்கள். கரடி, மழை, வாளின் கூர்மை, குண்டூசி வரைந்த ஒரு கழுதையின் காது என்று எதைப் பற்றியும் இருந்தது. படகு தாமதம் என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில், எழுதியவரே திரும்பப் பெற்ற புகார்கள் போய் விழும் ஒரு தட்டு ஞாபகம் வந்தது. அதை இதுவரை யாரும் திறந்ததில்லை. அதில் படகைப் பற்றி ஒன்று கிடந்தது: பன்னிரண்டாம் எண் புகார், விளையாட்டு வெளியாவதற்கு முதல் நாள் தேதி.

“படகு மிகத் தாமதம். உடன் வந்த பெண்ணிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். நாற்பது நொடி என்று உறுதியாகச் சொன்னார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நானூறு நொடி ஆகிறது. யாரோ ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.”

அதன்கீழே ஒரு மணி நேரம் கழித்து எழுதியது: “புகாரைத் திரும்பப் பெறுகிறேன். மறுபடியும் படகில் ஏறினேன், அதே பெண் இருந்தார். எங்கள் பேச்சு முடியவில்லை. தயவுசெய்து இதைச் சரிசெய்ய வேண்டாம்.”

பெயர்: பச்சைத்தொப்பி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் அழுகை வந்தது. அடுத்து ஆத்திரம். பிறகு இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேலாளரின் அறைக்குப் போனேன். அவர் இரண்டு முறை படித்தார்.

“யாரு இந்தப் பச்சைத்தொப்பி?”

“எங்க வீட்டுக்காரர்.”

“அந்தப் பொண்ணு?”

“நான்தான்.”

“பூஜ்யம்?”

“அதுவும் நான்தான்.”

கொஞ்ச நேரம் ‘மேடம்’ மழை பொழிந்தது. பதினாறு வருடத்துக்கு முன் வாங்கியிருக்க வேண்டியதை அன்று வாங்கினேன். ஓய்ந்தபின் கேட்டார்: “இத்தனை வருஷத்துல படகைப் பத்தி வந்த புகார் இது ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான். அதையும் வாபஸ் வாங்கிட்டார்.”

அவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “போய் அந்தப் பூஜ்யத்தைப் போடுங்கக்கா. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

போட்டேன். குண்டூசி முகப்பில் ‘படகு பழையபடி மெதுவாகப் போகும்’ என்று எழுதி ஒட்டினாள். கரடி பெரியது என்று புதியவர்களை எச்சரிக்கக் கழுதைக்கும் ஒரு வேலை கொடுத்தாள். கடப்பாரை அம்மாள் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் திட்டித் திட்டியே திரும்ப அழைத்துவந்தார். வருகை ஏறியது, ஆனால் நத்தை வேகத்தில். போதுமா போதாதா என்று கடைசி வாரம் முழுக்க அல்லாடினோம். வீட்டில் நான் புகாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. கெடு முடியட்டும் என்று அடக்கிவைத்திருந்தேன்.

அடுத்த மாதம் முதல் தேதி காலை பத்து மணிக்குக் கணக்கு வரும். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு நான் அலுவலகத்திலிருந்தும் அவர் கடையிலிருந்தும் படகில் ஏறினோம். கடைசிப் பயணமாக இருந்தாலும் இருக்கும் என்று அவர்தான் கூப்பிட்டார். பச்சைத்தொப்பி அதே தொப்பிதான். குண்டூசி எத்தனையோ அழகான தொப்பிகள் வரைந்தும் மனிதர் மாற்றவில்லை.

“பன்னெண்டாம் நம்பர் புகார் உங்களோடதா?” என்று எழுதினேன்.

“எந்தப் புகார்?”

“நடிக்காதீங்க. தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களா? பதினாறு வருஷமா நான் தரையப் பாத்துட்டு நின்னேன்.”

“நீயா ஒருநாள் சொல்லுவேன்னு பாத்தேன். சொல்ற மாதிரி தெரியல. சரி, சொல்ற வரைக்கும் புகழ்ந்துக்கிட்டே இருப்போம்னு விட்டுட்டேன்.”

“இது கொழுப்பு.”

“கொழுப்புதான். ஆனா ஒண்ணு. நாப்பது நொடின்னு சொன்ன பொண்ணு, நானூறு நொடி ஆனதைக் கவனிக்கவே இல்ல. அதைப் பாத்துட்டுத்தான் நான் ரெண்டாந்தடவை ஏறினேன்.”

பக்கத்து மேசையிலிருந்து குண்டூசி எழுந்து வந்தாள். மேலாளர் அறைக்கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

“ரெண்டாயிரத்து நூத்திப் பதினெட்டு,” என்றார். “ஆறு மாசம் குடுத்திருக்காங்க. அப்புறம் மறுபடியும் எண்ணுவாங்களாம்.”

வஜ்ரபூமிக்கு ஒரு மணி நேரத்தில் வருகிறவர்கள் இதைவிட அதிகம். அது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் குண்டூசி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மேலாளர் தேநீர் வாங்கப் போனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தியைப் படகில் எழுதினேன்.

“நல்லது,” என்று பதில் வந்தது. “அப்ப அந்தப் புகாரையும் முடிச்சு வை. பதினாறு வருஷமாத் தட்டுல கெடக்கு. எனக்கு உறுத்துது.”

எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்தாக வேண்டும் அவருக்கு. பன்னிரண்டாம் எண்ணைத் திறந்தேன். முடிக்க வேண்டுமானால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்கும். ‘பிழை இல்லை’ என்று ஒன்று இருந்தது. அதைத் தொடக் கூச்சமாக இருந்தது, இனிமேலும் பொய் எதற்கு? ‘பிழைதான், திருத்தப்படாது’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம். ‘பேச்சு இன்னும் முடியவில்லை’ என்று எழுதி முடித்துவிட்டுப் படகுக்குத் திரும்பினேன். கரைக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது.