மாப்பிள்ளையின் இடது காது

அந்த வீட்டில் மாப்பிள்ளை என்ற பெயர் முதலில் பூனைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. குட்டியாக வந்த வாரத்திலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கழுவி வைக்காவிட்டால் தண்ணீரில் வாய் வைக்காது. இருப்பதிலேயே நல்ல நாற்காலியில்தான் உட்காரும். கவனிக்கக் கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "சரியான மாப்பிள்ளை முறுக்கு" என்றாள் மகள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணமாகி நிஜ மாப்பிள்ளை வந்தபோது, அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவள் அம்மா இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

தம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். பேச்சு குறைவு. அவர்கள் குடியிருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துத் தரையெல்லாம் பெயர்ந்துபோனதால், ரிப்பேர் முடியும்வரை மாமியார் வீட்டில் இருக்கலாம் என்று வந்தார்கள். ஒரு மாதத்தில் முடித்துவிடுவதாக மேஸ்திரி சொன்னார். இப்போது ஐந்தாவது மாதம். மாமியார் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. பாதி இடத்தைத் துணிச் சுருள்கள் பிடித்துக்கொண்டிருந்தன. மீதி இடத்தில் மாமியாரும் தம்பியும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டு, மரியாதையோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஒரு சலவை நிலையத்தில் மேற்பார்வை பார்ப்பவள். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். ஒரு நாள் மத்தியானம் அவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளைக்குக் காதுல மறுபடியும் சீழ் வெச்சிருக்குடி. தலைய ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. கிட்டப் போனா சீறுறாரு."

இயந்திரங்களின் இரைச்சலில் அவளுக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியோடு கண்ணாடிக் கடைக்கு ஓடினாள். பின்னறையில் அவள் புருஷன் தலையைச் சாய்த்து ஒரு லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சாப்பிடப் போன இடத்துல அம்மாவப் பாத்து சீறினீங்களாமே?"

"நான் இன்னும் சாப்பிடவே போகலயே" என்றான் அவன், நிஜமாகவே கலங்கிப்போய்.

குழப்பம் தெளிய ஐந்து நிமிடம் ஆனது. பிறகு கடையில் ஒரு வாரம் அதே பேச்சுதான். கவுண்டரில் இருந்தவர், "தம்பி, கடிச்சுகிடிச்சு வெச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் லென்ஸை வாங்கிக்கொண்டு போனார்.

பூனையின் காதுக்கு அது அந்த வருடத்தில் நான்காவது முறை. வீட்டு வாசலைத் தாண்டாத பூனை. வேறு பூனையின் நிழல்கூட அதன் மேல் பட்டதில்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காதுக்குள் மஞ்சளாகக் கட்டிக்கொள்ளும். புளித்த மாவு போல வாடை அடிக்கும். பின்னங்காலால் சொறிந்து சொறிந்து காதடியில் முடியெல்லாம் போயிருந்தது. மிருக ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டாக்டர். சொட்டு மருந்து மட்டும் ஒன்றுதான்.

இந்தத் தடவை பார்த்தது ஒரு பெண் டாக்டர். குச்சியில் பஞ்சைச் சுற்றிக் காதைத் துடைத்து, அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்தார்.

"போன தடவ பத்து நாளும் மருந்து விட்டீங்களாம்மா?"

மாமியார் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"ஆறு நாள். காது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். அதுக்கு மேல அவரக் கொடுமப்படுத்த மனசு வரல."

கூடையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்திருந்த தம்பி அப்போது வாயைத் திறந்தான். "நான் பிடிச்சுக்கறேன் அத்தை. நீங்க மருந்து மட்டும் விடுங்க." யாரும் கேட்காமல் மாமியார் முன்னால் அவனாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் தையல் மேஜை ஆஸ்பத்திரியானது. மருந்துப் புட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே மாப்பிள்ளை துணிச் சுருள்களுக்குப் பின்னால் போய்விடும். தம்பி தரையில் குப்புறப் படுத்து அதை வெளியே எடுப்பான். துண்டில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியும்படி மார்போடு அணைத்துக்கொள்வான். மாமியார் காதை மெல்ல மேலே தூக்கிச் சொட்டு விட்டு, காதின் அடியைப் பிடித்துப் பிசைவார். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் வரும். பிடியை விட்டதும் பூனை தலையை உதறும் உதறலில் பாதி மருந்து தம்பியின் மூக்குக்கண்ணாடியில் இருக்கும்.

மருந்து விடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அவன் அந்தப் புட்டியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வதை மாமியார் நான்காம் நாள் கவனித்தார்.

"எதுக்குத் தம்பி?"

"சில்லுன்னு விழுந்தா திடுக்குனு இருக்கும்ல அத்தை."

அன்று ராத்திரி மாமியார் மகளிடம், "உன் வீட்டுக்காரர் பரவால்லடி" என்றார். மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு வருஷமா நானும் அதத்தான் சொல்றேன்" என்றாள்.

பத்து நாளும் முழுதாக மருந்து விட்டார்கள். காது சுத்தமானது. சரியாக மூன்றே வாரம். ஒரு காலையில் பூனை தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்து, நாற்காலிக்குத் தாவப் பார்த்துத் தவறி விழுந்தது. பிறகு யாரும் பார்க்காதது போல உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் பாதியில நிறுத்துனதாலதான் வருதுன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப என்னத்தச் சொல்றது?"

தம்பி பூனையை மடியில் எடுத்து இரண்டு காதையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரு நூலிழைக் கீறலுக்காக நாளெல்லாம் கண்ணாடியை உற்றுப் பார்ப்பவன் அவன். "அத்தை, இதுவரைக்கும் எப்பவாவது வலது காதுல வந்திருக்கா?"

மாமியார் யோசித்தார். "இல்ல. எப்பவும் இடதுதான்."

இதையே அவன் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். உணவு ஒத்துக்கொள்ளாமல் வருவதென்றால் பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும் என்றார். ஒரே காதில் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கலாம். வலியில் பூனை ஆழமாகப் பார்க்க விடுவதில்லை. மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த இரண்டு நாளும் தையல் மெஷின் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் தம்பி அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை. ஆனா அவரு விழுந்துட்டு, விழாத மாதிரி உக்காந்திருக்கறதப் பாக்க முடியல."

மாமியார் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பூனையை அவன் 'அவரு' என்றது அதுவரை இல்லாத வழக்கம். "நீங்க லீவு போட்டுட்டுக் கூட வந்தா சரி" என்றார்.

ஆஸ்பத்திரியில் காலிக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் மாமியார், தன் புருஷனுக்கும் பூனைகள் என்றால் உயிர் என்பதையும், அவர் போன பிறகு ஒன்பது வருடம் பூனையே வேண்டாம் என்று இருந்ததையும் சொன்னார். தம்பி, தான் சின்ன வயதில் பேசாததால் காது கேட்காது என்று நினைத்து வீட்டில் டாக்டரிடம் கூட்டிப்போனதைச் சொன்னான். "நல்லாக் கேக்குது, பேசத்தான் இஷ்டமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு அத்தை." மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டர் ஒரு சின்னப் புட்டியோடு வந்தார். உள்ளே பட்டாணி அளவில் இளஞ்சிவப்பாக ஒரு சதை, வால் போல ஒரு காம்போடு மிதந்தது. காதின் உள்ளறையிலிருந்து வளர்ந்திருந்ததாம். இளம் பூனைகளுக்கு வரக்கூடியதுதான், புற்றெல்லாம் இல்லை என்றார். அது அடைத்துக்கொண்டு இருக்கும்வரை எத்தனை மருந்து விட்டாலும் அழுக்கு வெளியே வர வழியில்லை. சிலதுக்குத் திரும்ப வளரும், அதனால் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இத்தனூண்டா இத்தன பாடு படுத்துச்சு?" என்றார் மாமியார்.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தபோதுதான் அவர் பார்த்தார். பூனையின் இடது கண் பாதி மூடியிருந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் திரை கண்ணில் ஏறியிருந்தது.

"தம்பி, கண்ணு என்னாச்சு?"

"அது... சதைய இழுத்து எடுக்கறப்ப பக்கத்துல இருக்கற நரம்பு அதிரும்னு டாக்டர் சொன்னாங்க. சில வாரத்துல தானா சரியாயிடுமாம்."

"எப்பச் சொன்னாங்க?"

"நீங்க அவரக் கூடையில படுக்க வெச்சுக்கிட்டிருந்தப்ப."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பயப்படுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் பயப்படலையா?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "நல்லதோ கெட்டதோ, என்கிட்ட நேரா சொல்லிடுங்க தம்பி. வீட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கறது வேணாம்."

"சரி அத்தை. தப்புதான்."

அன்று மாலை ஏழு மணிக்கு அவர் வழக்கம்போலத் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார். கோபம் அதோடு முடிந்தது.

கண் முழுதாகத் திறக்க நான்கு வாரம் ஆனது. தலை நேரானது. காதடியில் முடி முளைத்தது. நாற்காலிக்குத் தாவினால் இப்போது குறி தப்பவில்லை. இதற்கிடையே மேஸ்திரியும் ஒருவழியாக வேலையை முடித்துவிட, மகளும் தம்பியும் தங்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம்.

அவர்கள் போன இரண்டாவது வாரம், கடையில் இருந்த தம்பிக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது. மகளுக்குச் சொல்லாமல் நேராக அவனுக்கு.

"இடது காதுல ஏதோ வாட வர்ற மாதிரி இருக்கு தம்பி. எனக்குச் சரியாத் தெரியல."

வேலை முடிந்ததும் அவன் இரண்டு பஸ் மாறிப் போனான். மேஜை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு காதை நன்றாகத் தூக்கிப் பார்த்தான். மோந்தும் பார்த்தான். பூனை தூங்கிக்கொண்டே இருந்தது.

"சுத்தமா இருக்கு அத்தை. ஒண்ணுமில்ல."

"அப்படியா? அப்ப எனக்குத்தான் தோணியிருக்கு" என்றார் மாமியார். அவர் முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. சமையலறையில் இரண்டு தட்டு ஏற்கனவே எடுத்து வைத்திருந்தது. "கை கழுவிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேந்தே உக்காந்து சாப்பிடலாம்."