சிலிண்டர் கேஸ் வேண்டாம்

"ஏசிக்கு சிலிண்டர் கேஸையே ஏத்திடுறேன் தங்கச்சி. ஸ்டாண்டுல எல்லா வண்டியிலயும் அதான் ஓடுது. பக்காவா குளிரும்" என்றார் மெக்கானிக் ராக்கப்பன்.

மஸூதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுப்பெரிக்கிற கேஸைக் காருக்குள் சுற்றவிட்டு, அதற்கு நடுவில் ஆளை உட்காரவைப்பதா? எங்காவது கசிந்து ஒரு பொறி பட்டால் போதும். "ஊரே ஓட்டட்டும்ணே. என் வண்டியில வேணாம்."

போர்ட் பிளேர் டாக்ஸி ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண் டிரைவர். அவளுடைய எஸ்டீம் கார் பழசு. அதன் ஏசிக்கான கேஸைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். புதுக் கேஸுக்கு மாற்றலாம். ஆனால் சும்மா அடைத்துவிட முடியாது. பழைய எண்ணெயோடு அது ஒட்டாது, கம்ப்ரஸர் போய்விடும். குழாய்களைக் கழுவி, எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் என்ற குப்பியையும் புதிதாகப் போட வேண்டும்.

அவசரம் இதுதான். ஒரு ரிசார்ட் தன் விருந்தாளிகளுக்கு வருஷம் முழுக்க டாக்ஸி அமர்த்தப்போகிறது, ஏசி வண்டிகள் மட்டும். வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்து பார்க்கிறார். அந்த வேலை கிடைத்துவிட்டால் மழைக்காலத்தில் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதில்லை.

சாமான்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. ஹேடோ துறைமுகத்தில் பார்சல் கைக்கு வந்ததும் தீவில் எல்லாரும் செய்வதையே மஸூதாவும் செய்தாள். அங்கேயே பிரித்துப் பார்த்தாள். வீட்டுக்குப் போன பிறகு உடைசல் என்று சொன்னால் மெயின்லாண்ட் கடைக்காரன் காதில் போட்டுக்கொள்வானா? டிரையரின் இரண்டு மூடிகளையும் கழற்றி, கண்ணை வைத்து உள்ளே பார்த்து, மகா திருப்தியோடு பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. மறுநாள் காலைவரை அது வாய் திறந்தபடியே கிடந்தது.

ராக்கப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "மூடியை யாரும்மா கழட்டச் சொன்னா? மாட்டுற நேரத்துலதான் கழட்டணும். ஊர் ஈரத்தையெல்லாம் குடிச்சிருச்சே! இதைப் போட்டா உள்ளே ஐஸ் கட்டி அடைச்சுக்கும்."

"வேற ஒண்ணு?"

"அடுத்த கப்பல்லதான்."

ஸ்டாண்டில் விஷயம் தெரிந்ததும் புத்திமதிக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வண்டிக்காரர் கோவிந்தராஜ் சிரித்தார். "அரே மஸூதா, ஒரு நாளைக்கு சிலிண்டர் கேஸைப் போட்டுக் காட்டு. அப்புறம் மாத்திக்க. சல்தா ஹை, இதெல்லாம் நடக்குறதுதான்!"

அவள் மனசு ஆடத்தான் செய்தது. அந்த வேலை அவளுக்கு அவ்வளவு தேவைப்பட்டது. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகையும் வந்தது. ஆனால் பின்சீட்டில் யாருடைய பிள்ளையோ தூங்கிக்கொண்டு வரும் என்று நினைத்தபோது ஆட்டம் நின்றுவிட்டது. "நஹி சலேகா. என் வண்டியில அது நடக்காது" என்றாள்.

வெள்ளிக்கிழமை வண்டிகள் வரிசையாக ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றன. மேனேஜர் பிரவீன்குமார் ஒவ்வொன்றிலும் கையை நீட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எஸ்டீமுக்குள் அனல் காற்று.

"ஏசி என்னம்மா ஆச்சு?"

"ஓடல சார். சாமானைக் கெடுத்தது நான்தான். அடுத்த கப்பல்ல வரும்."

"அப்ப சாரி."

"சரி சார். ஆனா மத்த வண்டியில குளிருதான்னு மட்டும் பாக்காதீங்க. உள்ள ஓடுறது என்ன கேஸ்னு கேளுங்க."

ஸ்டாண்டே கொதித்தது. "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?" என்று கத்தினார் கோவிந்தராஜ்.

மஸூதா அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, உங்க பொண்ணு தினம் இந்த வண்டியிலதான ஸ்கூலுக்குப் போவுது? இதால ஒண்ணும் ஆகாதுன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. நான் வாயை மூடிக்கிட்டுப் போறேன்."

மேனேஜர் கோவிந்தராஜைப் பார்த்தார். கோவிந்தராஜ் தன் வண்டிக்குள் குனிந்து ஏசியை அணைத்தார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார்.

"சிலிண்டர் கேஸ்தான் சார்" என்றார்.