மெகாராவைத் தள்ளி வைத்த நாள்

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்து "இனி உன் சங்காத்தமே வேண்டாம்" என்று ஒதுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுத உட்கார்ந்தேன். நான் குடியிருப்பது ஏதென்ஸில். பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது பூனைகள் படுத்திருக்கின்றன. அதன் எல்லைக்கல் மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு கட்டுரை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "பண்டைக் கிரேக்கரிடம் தீட்டு என்ற கருத்து—"

(வேண்டாம். ஆனால் விஷயம் அதுதான். கொலைகாரன் சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அந்தத் தீட்டை ஒருநாள் ஓர் ஊருக்கே பூசினார்கள். பக்கத்து ஊர் மெகாராக்காரர்கள் கோயில் நிலத்தை உழுதுவிட்டார்களாம். ஆகவே ஏதென்ஸின் சந்தையிலும் துறைமுகங்களிலும் அவர்களுக்கு இடமில்லை.)

இரண்டாவது தொடக்கம்: ஒலிவக்காய் விற்கும் தெய்னியாஸைக் காவலர்கள் சிவப்புக் கயிற்றால்* சபை கூடும் குன்றுக்கு விரட்டினார்கள்.

"எதுக்குய்யா கூட்டம்?"

"மெகாராக்காரனை உள்ள விடக் கூடாதாம்," என்றான் பக்கத்துக் கடைக் கல்லோன். "கையைத் தூக்கிட்டு வா, போவோம். கடை திறந்து கிடக்கு, ஈ மொய்க்குது."

சபையில் ஆணைக்கு வாக்குக் கேட்டபோது தெய்னியாஸ் கையைத் தூக்கினான்.

[அவன் மகள் ஆர்க்கிப்பே வாழ்க்கைப்பட்டது மெகாராவில் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீங்கள் அவன் கையைப் பிடித்திருப்பீர்கள்.]

* சபைக்குப் போகாமல் சந்தையில் சுற்றுகிறவர்களை வளைக்கும் சாயக் கயிறு. துணியில் சிவப்புப் பட்டால் அபராதம், கேலி வேறு.

3

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம். மகளை மறந்தா தூக்கினான்? மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். தனி ஆளை ஊரைவிட்டு அனுப்புவதென்றால் பானை ஓட்டுச் சில்லில் அவன் பெயரைக் கீற வேண்டும். கீறும்போது முகம் நினைவுக்கு வரும். ஓர் ஊரை ஒதுக்க முகமே தேவைப்படவில்லை. மெகாரா என்றால் கோயில் நிலத்தை உழுத யாரோ. ஆர்க்கிப்பே என்றால் மகள். இரண்டையும் அவன் சேர்த்துப் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. வந்து என்ன செய்ய?

4

சில மாதம் கழித்து ஆர்க்கிப்பே, தான் நெய்த மேலாடைகளைச் சுமந்து, இடுப்பில் குழந்தையோடு வந்தாள். எல்லைக்கல்லருகே சந்தைக் கண்காணி மறித்தான்.

"மெகாராத் துணி. கீழ போடு, பறிமுதல்."

"எங்கப்பா இங்கதான் கடை வச்சிருக்கார், கேட்டுப் பாருங்க. எங்க ஊர்ல வாங்க ஆளில்ல. புள்ளைக்குக் கஞ்சிக்கே வழியில்லய்யா."

கண்காணி திரும்பினான். "யோவ் தெய்னியாஸ், இவ உன் பொண்ணா? ஆமான்னா இந்தச் சரக்கை நீ வரவழைச்சதா ஆயிடும். உன் கடையும் போயிடும், பார்த்துக்க."

பக்கத்துக் கடைக் கல்லோன் தன் சரக்கைக் கிளறுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

ஆர்க்கிப்பே அப்பாவை மட்டும் பார்த்தாள். "எல்லாரும் கை தூக்கினாங்களாமே. நீங்களுமாப்பா?"

5

முடிவு ஒன்று: "என் பொண்ணுதான்" என்கிறான். கடை போகிறது. மகளோடு மெகாராவுக்கு நடக்கிறான். பட்டினி கிடக்கும் வீட்டில் இன்னொரு வாய் கூடுகிறது.

முடிவு இரண்டு: "யாருன்னே தெரியாதுங்க" என்கிறான். தாத்தாவை அடையாளம் கண்ட குழந்தை கையை நீட்டி—

(என்னால் முடியவில்லை.)

முடிவு மூன்று: சபை மனமிரங்கி, ஆணையை—

(அடித்துவிட்டேன். இரங்கவில்லை. போர்தான் வந்தது.)

வேறு முடிவு என்னிடம் இல்லை. தெய்னியாஸ் கல்லுக்கு உள்ளே நிற்கிறான். அவள் வெளியே நிற்கிறாள். எந்த முடிவு வேண்டுமோ, அதற்கு நீங்கள் கையைத் தூக்கினால் போதும். பெயர் எழுத வேண்டியதில்லை. சீக்கிரம் ஆகட்டும், உங்களுக்கும் போட்டது போட்டபடி வேலை கிடக்கும்.