குணாளனின் அரைஞாண்

குணாளனின் இதயத்தில் ஓட்டை இருப்பது நாற்பது வயதுவரை யாருக்கும் தெரியாது, அவனுக்கும்தான். சிங்கப்பூர் வேலைக்கு மெடிக்கல் எடுக்கப்போன இடத்தில் அகப்பட்டது. பிறவியிலேயே இருந்ததாம். குளுவாங் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்களிடம், "எனக்கு எவ்வளவு திறந்த மனசுன்னு இப்பவாச்சும் நம்புங்கடா" என்று சொல்லித் திரிந்தான்.

நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தொடையில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, மடித்த கம்பிவலையை இதயம்வரை கொண்டுபோய், ஓட்டையில் விரித்து அடைத்துவிடுவார்கள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் இதற்குத் தேதி கிடைக்கத்தான் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தான்.

அந்தத் தேதி வந்த காலையில், வார்டு நர்ஸான மிசி கஸ்தூரி கத்தரிக்கோலோடு வந்தாள். "அண்ணே, இடுப்புக் கயித்த எடுக்கணும். அங்கெல்லாம் மருந்து தடவிச் சுத்தம் பண்ணுவாங்க."

பக்கத்துக் கட்டில்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் அரைஞாணை இறுகப் பிடித்துக்கொண்டான். புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழசை அறுப்பார்கள். ஆண்பிள்ளையின் இடுப்பு வெறுமையாகக் கிடப்பது பிணமாகக் கிடக்கும்போதுதான். அப்பாவின் கயிற்றை அறுத்தவன் அவன்.

"மேல தூக்கிக் கட்டிக்கிறேன்லா மிசி. கழுத்துவரைக்கும் வேணும்னாலும்."

"ஒடம்புல எதுவுமே இருக்கக் கூடாதுண்ணே."

"அப்ப இன்னொரு நாளு வர்றேன்."

கஸ்தூரி சிரித்தாள். அவன் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டதும் சிரிப்பு நின்றது. "அலமாக்! இந்தத் தேதிய விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது."

அவன் மனைவி தேன்மொழி எழுந்து வந்தாள். வீட்டில் சாங்கியம் பார்ப்பவள் அவள், கிண்டலடிப்பவன் அவன்.

"என்னாங்க, குறுக்க போற பூனைக்கு குட்மார்னிங் சொல்ற ஆளு நீங்க. கயித்துக்கா பயப்படுறீங்க?"

"பயமில்ல. இடுப்பு கூசும்."

அவள் சிரிக்கவில்லை. "இங்க குடுங்க மிசி" என்று கத்தரிக்கோலை வாங்கினாள். முதல் வெட்டு நழுவியது. அறுந்த கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இப்ப இது எங்கிட்ட இருக்கு. வெளிய வந்து வாங்கிக்குங்க."

எந்தச் சாங்கியத்திலும் இப்படியொரு வழி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். குணாளன் காலைத் தூக்கி மறுபடி கட்டிலில் வைத்தான்.

கட்டில் நகர்ந்தது. அவள் கூடவே நடந்தாள். "உள்ள போயி டாக்டரச் சிரிக்க வச்சிடாதீங்க. கை ஆடிடும்."

அவனிடம் நல்ல பதிலொன்று தயாராகத்தான் இருந்தது. ஆபரேஷன் அறைக் கதவு வந்தபோது, "சரி தேனு" என்று மட்டும் சொன்னான்.