மேனேஜர் விட்டது குறட்டை அல்ல

1.

இந்தக் கதை என் மனதில் உதித்தது அல்ல. போனில் வந்தது. கருக்கொண்டது, சுரந்தது என்றெல்லாம் மேடையில் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், மேனேஜர் கதை எழுதினது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். குரலில் கொஞ்சம் அடக்கத்தைச் சேர்த்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எழுதியது அது. ஒரு வீட்டில் சப்பை மூக்கு நாய் ஒன்று. பெயர் மேனேஜர். குடும்பத்தில் யார் எந்தத் தலைபோகிற விஷயம் பேசினாலும் அது கூடத்தின் நடுவில் படுத்துக் குறட்டை விடும். அவ்வளவுதான் கதை. நான் எழுதியவற்றில் ஜனங்கள் கடைசிவரை படித்தது அது ஒன்றைத்தான்.

"இங்க ஏழு மேனேஜர் இருக்காங்க. நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்."

பேசியவர் ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். வாங்கியவர்கள் வேண்டாமென்று கைகழுவிய சாதி நாய்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்துப் பராமரிக்கிறார். ஏழு வாசகர்கள் தங்கள் நாய்க்கு என் நாயின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் மண்டையில் முதலில் ஏறியது. அந்த ஏழு பேரும் நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது துணி மடித்து முடித்த பிறகுதான் ஏறியது.

2.

தொடக்கம் ஒன்று: "கதவு திறந்ததும் மரணத்தின் வாசனை முகத்தில்" — இல்லை. பினாயில் வாசனைதான் வந்தது.

தொடக்கம் இரண்டு: "நாய் என்பது நன்றியின்" — இந்த வாக்கியத்தை முடிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. வேண்டியவர்கள் முடித்துக்கொள்ளலாம்.

ஆகவே நடந்ததை நடந்தபடி. நர்ஸம்மா கதவருகே நின்று, "மேனேஜர்!" என்று ஒரு குரல் கொடுத்தார். ஏழு தலைகள் திரும்பின. ஆறு நாய்கள் எழுந்து வந்தன. ஏழாவது எழுந்து, நாலடி நடந்து, உட்கார்ந்துவிட்டது. நர்ஸம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என் காதில் மாட்டி, மறுமுனையை அதன் தொண்டையில் வைத்தார்.

"கேளுங்க."

தெரிந்த சத்தம்தான். நான் பக்கம் பக்கமாக வர்ணித்த சத்தம்.

"உங்க கதையில இதத்தான் குறட்டைன்னு எழுதியிருக்கீங்க. இந்த மூக்கு ஓட்டையப் பாருங்க, பென்சில் முனை போகாது. மூச்சு முட்டுறவங்க இப்படித்தான் சத்தம் போடுவாங்க மேடம். தியேட்டர்ல எத்தனையோ பேர் போட்டுக் கேட்டிருக்கேன். நாங்க யாரும் சிரிச்சதில்ல."

(அடைப்புக்குறிக்குள் ஒன்று. மேனேஜருக்கு முன்மாதிரியாக இருந்த நாயை நான் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். என் கூர்ந்த கவனிப்பைப் பாராட்டி ஒரு மதிப்புரைகூட வந்தது. அந்த நாய் நான்கு வயதில், ஒரு வெயில் நாளில், வாசலுக்கும் கூடத்துக்கும் இடையில் விழுந்து செத்தது. அதைக் கதையில் சேர்க்கவில்லை. தொனி கெட்டுவிடும் என்று பட்டது.)

3.

நர்ஸம்மாவுக்கு என்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. நாய் வளர்ப்புத் தொழிலுக்கு அரசாங்கம் வரைவு விதிகள் வெளியிட்டிருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதற்கு ஆதரவாக நான் எழுத வேண்டும், முடிந்தால் கதையாகவே.

இப்படிக் கேட்பவர்களுக்கென்று கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறேன். "இலக்கியம் பிரச்சாரமாயிடக் கூடாது பாருங்க."

"உங்க மேனேஜர் கதையே விளம்பரமாத்தான மேடம் ஓடிட்டிருக்கு?"

அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். தடுப்பூசி அட்டை, தீனி அளவு எழுதிய சீட்டு, அதோடு சேர்த்து ஊக்கடித்த நாலு தாள். அந்த நாலு தாள் என் கதை. ஜெராக்ஸ். ஒரு குறிப்பிட்ட கென்னலில் குட்டி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கட்டு போகிறதாம். குட்டி மூச்சுத் திணறினால், கதையில் வருகிற மாதிரியே குறட்டை விடுகிறது என்று ஆறேழு மாதம் சந்தோஷமாக இருப்பார்களாம். பிறகு அது மயங்கி விழும். அதன் பிறகு நர்ஸம்மா வீட்டு அழைப்பு மணி அடிக்கும்.

முதல் தாளின் மூலையில் கென்னலின் முத்திரை இருந்தது.

என் தம்பியின் கென்னல்.

4.

தம்பி என்கிற பாத்திரத்தில்தான் எனக்குச் சிக்கல்.

அவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். "அவன் கண்களில் ஈரமே இல்லை" என்று ஒரு வரி. பொய். தாய்ப்பால் குடிக்கத் தெரியாத குட்டிகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துச் சொட்டு மருந்துக் குழாயில் பால் ஊட்டுகிறவன் அவன். ஒரு குட்டி செத்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். சரி, நல்லவனாக எழுதலாம் என்று "நாய்களே அவன் உலகம்" என்று ஆரம்பித்தேன். அந்த உலகத்துக்கு எட்டுக் கூண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் என்று அடுத்த வரி வந்து கெடுத்துவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தேன். கூண்டுகள் அவ்வளவு சுத்தம். என் சமையலறை அப்படி இருந்ததில்லை. மூன்றாம் கூண்டில் இருந்தவள் எழுந்து வந்து நெற்றியைக் கம்பி வலையில் அழுத்திக்கொண்டு நின்றாள். வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு. ஒரே இடத்தில் பலமுறை தைத்தால் தோல் தடித்துப்போகும் போலிருக்கிறது.

"இவ பேரு என்னடா?"

"மூணாம் நம்பர்."

"பேரு கேட்டேன்."

"பேரு வச்சா கஷ்டம்க்கா."

இந்த இனத்துக் குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு சிறிது. தானாக ஈன முடியாது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று ஈத்துக்கு மூன்று முறை கிழித்தாகிவிட்டது. புதிய விதிப்படி இரண்டு முறைக்கு மேல் கூடாது. விதி நடைமுறைக்கு வருவதற்குள் இன்னும் ஒரு ஈத்து பார்த்துவிட வேண்டும் என்று இவன் அவசரப்படுகிறான். அவளும் ஹீட்டுக்கு வந்துவிட்டாள். வியாழக்கிழமை வெளியிலிருந்து ஆண் நாயைக் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு.

"நாலாவது தடவை கர்ப்பப்பை தாங்காதுன்னு எனக்குத் தெரிஞ்ச நர்ஸம்மா சொல்றாங்கடா. செத்துருவாளாம்."

"டாக்டர் பாத்துக்குவாரு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாத்துக்கலாம்னாரு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"பாத்துக்கலாம்னு அர்த்தம்."

5.

அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

"என்னை வச்சு எழுதறியா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ எழுதறப்ப போன் எடுக்க மாட்ட. நாலு நாளா எடுக்கல."

மழுப்பினேன். அவன் கோபப்படவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பேரம் பேசுகிற முகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"எழுது, வேணாங்கல. ஆனா என்னை நல்லவனா எழுது. வியாழக்கிழமைக்குள்ள குடு. படிச்சுப் பாத்துட்டுப் புடிச்சிருந்தா மூணாம் நம்பரை நீயே கூட்டிட்டுப் போ."

"உனக்கெதுக்குடா கதை?"

"பழைய கதை எழுதி ரொம்ப வருஷம் ஆயிடுச்சுல்ல. விதி, அது இதுன்னு ஜனங்க வேற பயப்படறாங்க. புதுசா ஒண்ணு இருந்தா குட்டியோட சேத்துக் குடுக்கலாம். பொறுப்பான ஆளுன்னு தெரியணும்ல."

(என் இத்தனை வருட எழுத்து வாழ்க்கையில் எந்தப் பதிப்பாளரும் இவ்வளவு தெளிவாக ஒப்பந்தம் பேசியதில்லை. ஒரு கதைக்கு ஓர் உயிர்.)

6.

முடிவு அ. தம்பி கூண்டின் முன் மண்டியிடுகிறான். கண்ணீர். கதவைத் திறக்கிறான். மூன்றாம் நம்பர் வெளியே வந்து வெயிலில் படுக்கிறாள். வாசகர்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். நிஜத்திலும் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அடுத்த வருடம் நர்ஸம்மாவின் கோப்பில் இந்தக் கதையை ஊக்கடித்த கட்டுகள் இருபது சேர்கின்றன. நான்காம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் தழும்பு தடித்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தியைக் காப்பாற்ற மற்றவர்களை நானே விற்றுக்கொடுத்த மாதிரி.

முடிவு ஆ. உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். தம்பி படிக்கிறான், தாளைத் திருப்பித் தருகிறான், வியாழக்கிழமை ஆண் நாய் வருகிறது. இரண்டு மாதம் கழித்து ஆபரேஷன் மேஜையில் அவள் —

இதை முழுக்க எழுதினேன். ஒன்றரைப் பக்கம். விளக்கு, கையுறை, தட்டில் நெளிகிற நாலு குட்டிகள், எழுந்திருக்காத தாய். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் கை அப்படி ஓடியது. நாய் செத்தால் கதை தேறிவிடும், அது எனக்கு நன்றாகவே தெரியும். எழுதி முடித்துவிட்டு, பரவாயில்லையே என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் இன்னும் சாகவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

7.

கதை எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது என்பதால், நர்ஸம்மா கேட்ட கருத்தையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ஐந்து தடவை அலங்காரம் பண்ணி, ஐந்து தடவையும் அடித்து, கடைசியில் தேறியது இது:

"ஐயா, நான் எழுதிய ஒரு கதையில் நாயின் மூச்சுத் திணறலைக் குறட்டை என்று தவறாக எழுதிவிட்டேன். பலர் அதைப் படித்து அந்த இன நாய்களை வாங்கினார்கள். மூச்சு விட முடியாத நாயை இணை சேர்க்கக் கூடாது. ஒரு பெண் நாயை எத்தனை முறை ஈன வைக்கலாம் என்பதற்கு வரம்பு வேண்டும், அது விதி வருவதற்கு முன் ஈன்றதையும் சேர்த்து எண்ண வேண்டும். இணை சேர்க்கும் முன் கால்நடை மருத்துவர் எழுத்தில் சான்று தர வேண்டும். பாத்துக்கலாம் என்பது சான்று ஆகாது. வளர்க்க முடியாமல் திரும்பி வரும் நாயை, விற்றவரே ஆயுள் முழுக்க ஏற்க வேண்டும். நாய் வளர்ப்பதையோ முறையாகக் குட்டி எடுப்பதையோ நான் எதிர்க்கவில்லை."

நர்ஸம்மா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க ஸ்டைலே இல்லையே மேடம் இதுல."

"இல்ல சிஸ்டர்."

"நல்லாருக்கு," என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை.

8.

இன்று வியாழக்கிழமை. மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு ஆண் நாய் வருகிறது. நான் காலையிலிருந்து மூன்றாம் பகுதியில் ஒரு காற்புள்ளியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். முடிவை யோசிக்கிறேன் என்று உங்களிடம் சொல்லலாம். உண்மையில் அங்கே போகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதுதான் போன் போட்டேன்.

"கதை முடியலடா."

"அப்ப எப்படிக்கா?"

"உன்னை நல்லவனா எழுத வரல. கெட்டவனாவும் வரல. அத விடு. நான் கெளம்பி வர்றேன், நாயைக் குடு."

"நம்ம பேச்சு அது இல்லையே."

"இல்லதான். வெறுங்கையோடதான் வர்றேன். அரசாங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன், அதையும் உனக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்புவேன். அது உனக்குப் புடிக்காது. இருந்தாலும் குடு. அவ செத்துப் போயிடுவாடா."

 அவன் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

கேட்டைத் திறப்பானா என்று கேட்கிறீர்கள். அவன் பிறந்த நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். நீங்கள் ஐந்து பகுதியில்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குத் தெரிவதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்வேன். ஆண் நாயைக் கொண்டுவருகிறவர் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் திட்டமில்லை.

காரின் பின் சீட்டில் போர்வை விரித்தாயிற்று. திரும்பி வந்து இதை முடிப்பேன் என்று நம்ப வேண்டாம், எனக்கே நம்பிக்கையில்லை. உங்களுக்கு எந்த முடிவு வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நாய் வேண்டும்.