குறுக்குக் கம்பியை அறுத்த ஞாயிறு

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: முனிகிருஷ்ணனாகிய நான், என் மனைவி கங்கம்மாள், காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருக்கும் என் மகன் குணாளன், அவன் மனைவி பிரேமா, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் ஜெகன். வேறு எவரும் இல்லை.

பிரேமாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏசி தயாரிக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. திங்கட்கிழமை முதல் காலை ஷிப்ட். மீஞ்சூரில் ஐந்து நாற்பது ரயிலைப் பிடித்தாக வேண்டும். எங்கள் குப்பத்திலிருந்து ஸ்டேஷன் ஆறு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ கிடையாது. குணாளனுக்கோ நைட் ஷிப்ட். மூன்று நாள் பிந்திப் போனால் நான்காம் நாள் வர வேண்டாம் என்பார்கள்.

வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. ஒன்று, நான் மீன் கூடை கட்டி ஓட்டிய பெரிய சைக்கிள். மற்றது, டிப்பர் லாரி ஏறி நசுங்கிய லேடீஸ் சைக்கிள்.

பெரியதையே எடுத்துக்கொள்வதாகப் பிரேமா சொன்னாள். எங்கள் குடும்பத்துப் பெண் குறுக்குக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதை ஊர் பார்க்கக் கூடாது என்றேன்.

"அந்நேரத்துக்கு நாய்தான்யா பாக்கும்," என்றாள் கங்கம்மாள்.

"நாய்க்கும் தெரியணும், நம்ம குடும்பம் இன்னா குடும்பம்னு."

ஆகவே, என் உத்தரவுப்படி, குறுக்குக் கம்பியை அறுத்துவிட்டு, லேடீஸ் சைக்கிளின் வளைந்த கம்பியைத் தாழ்வாக ஒட்டுவது என்று முடிவாயிற்று. குணாளன் அறுத்தான். இரவல் வெல்டிங் மெஷினை ஓடவிட்டான். இவன் விரல் தடிமன் தகட்டை ஒட்டுகிறவன் என்று ஜெகனிடம் நான்கு முறை சொன்னேன். குணாளன் வெல்டிங் ராடால் சைக்கிள் குழாயைத் தொட்டான். கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மறுபடி தொட்டான். இன்னொரு ஓட்டை.

"இன்னா நைனா, இது பைப்பா அப்பளமா?" என்று என்னைக் கேட்டான் குணாளன்.

"கப்பல்லயும் இப்டித்தான் ஓட்ட போட்டுகினு கீறியா?" என்றாள் அவன் தாய்.

ஜெகன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான்.

மாலை நான்கு மணி. சைக்கிள் நடுவில் தொய்ந்து நின்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது நன்றாகவே ஓடியிருக்கும். இதை யாரும் சொல்லவில்லை. கங்கம்மாள் மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

பிரேமா முந்தானையைச் செருகினாள். "ஜெகண்ணா, உங்க கேஸ் டார்ச்ச எடுத்தாங்க. பித்தளக் கம்பியும்."

"ஆம்பள இருக்கும்போது நீ எதுக்கும்மா?" என்றேன்.

"ஏசி பைப்புக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ஜாயின்ட் போடறேன் மாமா. மெலிசு எனக்குத்தான் வரும். அவரு காத்துக்கு மறைப்பா நிக்கட்டும். நீங்க ஹேண்டில்பார புடிங்க, ஆட்டாதீங்க."

பிடித்தேன். ஆட்டவில்லை.

ஓட்டைகளைத் தகட்டுத் துண்டால் மூடினாள். வளைந்த கம்பியைப் பொருத்தி, பித்தளையை உருக்கி, மூட்டைச் சுற்றி ஓடவிட்டாள். ஆறியதும் ஜெகனும் குணாளனும் ஒன்றாக ஏறிக் குதித்துப் பார்த்தார்கள். சைக்கிள் அசையவில்லை. மறுநாள் பிரேமா ஐந்து நாற்பதைப் பிடித்தாள்.

அந்த வாரமே மூன்று பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் மகனைத் தேடி வந்தார்கள். கப்பல் வெல்டிங் போட்ட சைக்கிள் என்று மீஞ்சூர் வரைக்கும் பேச்சாம். குணாளன் மறுக்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டான். பிறர் செய்த வேலைக்குப் பேர் வாங்கித் தின்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. எனவே சொல்கிறேன்: அந்தச் சைக்கிளை ஒட்டியவன் என் மகன் அல்ல. ஒட்டியவள் என் மருமகள் பிரேமா.